கூலிக்குச் செய்த கார்கள், சொந்தமாய் அவித்த புட்டு

2019 மே மாதம் பெங்களூரில் ஒரு நிறுவனம் கைமாறியது. துருவா இன்டராக்டிவ் என்பது அதன் பெயர். 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய கணினி விளையாட்டு நிறுவனம் அது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். விற்றது சுவீடனின் ஸ்டார்பிரீஸ், வாங்கியது அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ். ஸ்டார்பிரீஸிடம் இருந்த ஏறக்குறைய 92 வீதப் பங்குக்குப் பேசிய விலை 79 இலட்சம் டொலர். அதே ராக்ஸ்டார் 2013இல் வெளியிட்ட கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, கடைக்கு வந்து 3 நாள் முடிவதற்குள் 100 கோடி டொலருக்கு விற்றுத் தீர்ந்திருந்தது. கணக்குப் பார்த்தால், 22 வருடம் கட்டியெழுப்பிய ஒரு நிறுவனத்தின் பெறுமதி அந்த விளையாட்டின் ஏறக்குறைய 35 நிமிட விற்பனைக்குச் சமம்.

ராவ் திறமை குறைந்தவரல்லர். நேர்மாறாக, விளையாட்டு என்றாலே கிரிக்கெட் என்று நினைத்த ஒரு நாட்டில், கணினி விளையாட்டைத் தொழிலாகச் செய்து மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்கலாம் என்று காட்டியவர். அப்படியிருந்தும் விலைச்சீட்டில் விழுந்த எண் இவ்வளவு சிறிதாக இருப்பதற்குக் காரணம் என்ன? யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வி அல்ல. 1990களின் நடுவில் பெங்களூர் நின்ற இடத்தில்தான் குடாநாட்டின் மென்பொருள் உலகம் இன்று ஏறக்குறைய நிற்கிறது. ஆங்கிலமும் கணிதமும் அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வரும் ஒப்பந்த வேலை இருக்கிறது. சொந்தமாக உலகம் வாங்கும் பொருள் ஒன்றுதான் இன்னும் கையில் இல்லை.

ராவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். முதலில் அவர் இறங்கியது பல்லூடகத் தொழில். இறுவட்டில் படமும் ஒலியும் சேர்த்துக் கொடுப்பது அந்தக் காலத்தின் புதுமை. தொலைபேசிக் கம்பியில் கிரீச்சிட்டபடி இணையம் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அங்கிருந்து விளையாட்டுக்குத் தாவி, பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனத்திடமிருந்து மிஷன் இம்பாசிபிள் விளையாட்டின் கணினிப் பதிப்பைச் செய்யும் ஒப்பந்தத்தைப் பெற்றார். இந்தியாவில் அதற்கு முன் யாரும் தொடாத அளவு வேலை அது. ஆனால் அந்தப் பதிப்பு கடைக்கு வரவேயில்லை. நின்தெண்டோவிலும் பிளேஸ்டேஷனிலும் விளையாட்டு வெளியானது. கணினிப் பதிப்பை வெளியீட்டாளர் கைவிட்டார். ஒப்பந்தத்துக்கு வேலை செய்பவரின் தலையெழுத்து இது: செய்த பொருள் நன்றாக இருக்கிறதா என்பது ஒரு புறம் இருக்க, அது வெளிவருமா என்பதையே வேறு நாட்டில் வேறொருவர் தீர்மானிப்பார்.

அதன்பின் ராவ் எடுத்த முடிவுதான் துருவாவைக் காப்பாற்றியது. முழு விளையாட்டையும் செய்து தருகிறோம் என்று கேட்டு அலைவதை விட்டு, விளையாட்டுக்குள் வரும் பொருட்களைச் செய்து தருகிறோம் என்றார். கார், கட்டடம், மரம், துப்பாக்கி, மனித உருவம். மேலைநாட்டு நிறுவனங்களுக்கு இது ஏற்றதாக இருந்தது. விளையாட்டை ஓட்டும் நிரலை அவர்கள் யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். அது வீட்டுத் திறப்பு. படவேலையோ துண்டு துண்டாகப் பிரித்து, எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கக்கூடியது. மைக்ரோசொஃப்டின் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் கார்ப் பந்தய வரிசைக்குத் துருவாவின் கலைஞர்கள் கார்கள் செய்தார்கள்.

கார் செய்வது என்றால் என்ன? உண்மையான காரின் நூற்றுக்கணக்கான நிழற்படங்களும் உற்பத்தியாளர் தரும் வரைபடங்களும் வந்து சேரும். கலைஞர் அவற்றைப் பார்த்துப் பார்த்து, சின்னஞ்சிறு முக்கோணங்களை ஒட்டி ஒட்டி அந்தக் காரின் உடலை எழுப்புவார். பழைய எக்ஸ்பொக்ஸ் காலத்தில் ஒரு காருக்குச் சில ஆயிரம் முக்கோணங்கள் போதும். பின்னாளில் அது இலட்சக்கணக்கானது. கதவு திறக்கவேண்டும், உள்ளே ஆசனத்தின் தையல் தெரியவேண்டும், மோதினால் நெளியவேண்டும். அதே காரைத் தூரத்தில் காட்டுவதற்கு முக்கோணம் குறைந்த நான்கைந்து பிரதிகள் வேறு. கடைசியில் கார்க் கொம்பனியே பார்த்து, முன்விளக்கின் வளைவு பிழை என்று திருப்பி அனுப்பும். வாரக்கணக்கில் இந்த வேலை செய்யும் கைக்கு அபாரமான பயிற்சி கிடைக்கும். சம்பளமும் கிடைக்கும். ஆனால் அந்த விளையாட்டு எத்தனை கோடிக்கு விற்றாலும் கார் செய்தவருக்கு மேலதிகமாக ஒரு சதமும் வராது. உரிமை முழுவதும் சியாட்டிலுக்கு அருகில் ரெட்மண்டில் இருக்கும்.

ராவுக்கு இது தெரியாததல்ல. தொமஸ் ஃப்ரீட்மன் 2005இல் எழுதிய ‘த வேர்ல்ட் இஸ் ஃபிளாட்’ நூலில் துருவாவைப் பற்றியும் ராவைப் பற்றியும் சொல்லும்போது ஒரு சுவையான செய்தியைக் குறிப்பிடுகிறார். கைபேசி விளையாட்டுகளில் சார்லி சாப்ளினின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையை இந்தப் பெங்களூர் நிறுவனம் வாங்கிவைத்திருந்தது. சொந்தச் சொத்து வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது. ஆனாலும் சாப்ளின் இரவல் சொத்துத்தான். கூடவே ராவ், இந்திய மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்கொம் அமைப்பின் விளையாட்டுத் துறைக் குழுவுக்குத் தலைமை தாங்கி, இந்தியாவெங்கும் சிதறிக் கிடந்த விளையாட்டுக்காரர்களை ஒரு மாநாட்டில் கூட்டிவைத்தார். அதற்கு நன்றி சொல்பவர்கள் இன்று இந்திய விளையாட்டுத் துறையின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கிறார்கள். 2016 டிசம்பரில் துருவாவின் 90.5 வீதத்தை ஸ்டார்பிரீஸ் 85 இலட்சம் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2018 நவம்பரில் ஸ்டார்பிரீஸ் வெளியிட்ட ‘த வாக்கிங் டெட்’ விளையாட்டு தோற்றுப்போக, அடுத்த மாதமே அந்தச் சுவீடன் நிறுவனம் நீதிமன்றத்தின் கடன் பாதுகாப்பைத் தேடிப் போனது. சொத்துக்களை விற்றுக் கடன் அடைக்கவேண்டிய நிலையில் துருவாவும் விற்கப்பட்டது. பெங்களூரில் யாரும் பிழை செய்யவில்லை. ஸ்டொக்ஹோமில் ஒரு விளையாட்டு ஓடவில்லை, அவ்வளவுதான்.

கூலிக்குச் செய்யும் இந்தப் பாதைக்கு எதிர்ப்புறத்தில் நிற்பவர் நோலன் புஷ்னல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மாணவராக இருந்தபோது, பல்கலைக்கழகக் கணினியில் ஸ்பேஸ்வோர் விளையாட்டைக் கண்டார். விடுமுறையில் லகூன் என்ற கேளிக்கைப் பூங்காவில், காசு போட்டு விளையாடும் கொட்டில்களைக் கவனித்துக்கொண்டார். இந்த இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருந்ததுதான் அவர் செய்த புதுமை. இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான கணினியில் மாணவர்கள் இலவசமாக விளையாடுவதைப் பலர் கண்டிருந்தார்கள். அதில் ஒரு காசுத்துளை வைக்கலாம் என்று கண்டவர் அவர். 1971இல் வந்த அவரது முதல் யந்திரமான கொம்பியூட்டர் ஸ்பேஸ், மதுச்சாலையில் நிற்பவனுக்குப் புரியாத அளவு சிக்கலாக இருந்ததால் பெரிதாக ஓடவில்லை. 1972இல் அவரது கூட்டாளி டெட் டாப்னியும் புஷ்னலும் ஆளுக்கு 250 டொலர் போட்டு அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அல் அல்கோர்ன் என்ற இளம் பொறியியலாளர் செய்த பொங் யந்திரத்தை சன்னிவேல் நகரில் ஆன்டி கேப்ஸ் என்ற மதுச்சாலையில் வைத்தார்கள். சில நாளில் யந்திரம் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தால், 25 சத நாணயங்கள் பெட்டி நிரம்பி வழிந்து உள்ளே அடைத்திருந்தன.

யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பன் யாரிடமாவது போய், மகன் கொம்பியூட்டர் கேம் செய்யப்போகிறான் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, “உதுக்கு ஆர் காசு தரப்போயினம்?” என்பதாகத்தான் இருக்கும். அது கேலியாகக் கேட்கப்படும் கேள்வி என்றாலும் சரியான கேள்வி. புஷ்னலின் முழு வாழ்க்கையும் அந்தக் கேள்விக்கான பதில். மதுச்சாலையில் நிற்பவன் 25 சதம் தருவான். 1975இல் சியர்ஸ் கடைத்தொடர் நத்தாருக்காக வீட்டுப் பொங் யந்திரத்தை 150,000 என்று கட்டளை கொடுத்தது. 1976இல் வார்னர் நிறுவனம் 2 கோடி 80 இலட்சம் டொலர் கொடுத்து அட்டாரியை வாங்கியது. 500 டொலரில் ஆரம்பித்த தொழில் நான்கு வருடத்தில் அங்கே வந்து நின்றது.

அவரைப் புகழ்ந்து முடித்துவிடவும் கூடாது. பொங்கின் கருத்து முழுக்க அவருடையதல்ல. மக்னவொக்ஸ் நிறுவனத்தின் ஒடிசி யந்திரத்தில் இருந்த மேசைப்பந்தாட்டத்தை அவர் அதற்கு முன்பே பார்த்திருந்தார். வழக்கு வந்து, அட்டாரி உரிமப் பணம் கட்டித்தான் தப்பியது. வார்னர் வந்தபின் நிரலர்களின் பெயரை விளையாட்டில் போட நிறுவனம் மறுத்தது. அதில் மனமுடைந்த நால்வர் 1979இல் வெளியேறி அக்டிவிஷனைத் தொடங்கினார்கள். வாரன் ராபினெட் என்பவர் அட்வென்ச்சர் விளையாட்டில் ஓர் இரகசிய அறைக்குள் தன் பெயரை ஒளித்துவைத்தார். அதற்குள் புஷ்னல் அட்டாரியை விட்டுப் போயிருந்தார். பின்னாளில் அவர் வளர்த்த சக் ஈ. சீஸ் பீட்சா நிறுவனம் 1984இல் வங்குரோத்தானது. 2018இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாடு அவருக்கு அறிவித்த முன்னோடி விருதை, அந்தக் காலத்து அட்டாரியில் பெண்கள் நடத்தப்பட்ட விதம் குறித்து எதிர்ப்பு எழுந்ததும் மீளப் பெற்றுக்கொண்டது. முன்னோடி என்று எழுதும்போது இவற்றையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

ஒடிசியைச் சிந்தித்த ரால்ஃப் பேயரின் கதை குடாநாட்டுக்கு இன்னும் கிட்டியது. 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல், அங்கே யூதர்களுக்கு எதிராக மூண்ட கலவரத்துக்குச் சில மாதம் முந்தித் தப்பி அமெரிக்கா வந்தார். நியூ யோர்க்கில் தொழிற்சாலைக் கூலியாக இருந்துகொண்டே, அஞ்சல் வழியாக வானொலி திருத்தும் படிப்பைப் படித்தார். வானொலி திருத்திப் பிழைத்தவர்தான் 1966இல் பேருந்து நிலையத்தில் ஒருவருக்காகக் காத்திருக்கும்போது, தொலைக்காட்சிப் பெட்டியில் விளையாடினால் என்ன என்று குறிப்பு எழுதினார். ஆனால் அவர் ஒரு பாதுகாப்புத் துறை நிறுவனத்தின் ஊழியர். காப்புரிமையின் பெரும் வருமானம் அந்த நிறுவனத்துக்கும் மக்னவொக்ஸுக்கும் போனது. கண்டுபிடித்தவர் பேயர், தொழிலாக்கியவர் புஷ்னல், கூலிக்குச் செய்து கொடுத்தவர் ராவ். மூவரும் முன்னோடிகள்தான், வங்கிக் கணக்கு மட்டும் மூன்று விதம்.

வானொலி திருத்துவோருக்கு யாழ்ப்பாணத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டின் மின்சாரம் போனது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. சைக்கிள் டைனமோவைக் காலால் மிதித்து வானொலி கேட்டார்கள், அந்த மிதிப்பை ஒரு தலைமுறை இன்னும் மறக்கவில்லை. பிளேஸ்டேஷன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைக்கு வந்தது 1995 செப்டெம்பர். அடுத்த மாதம் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரமே போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஒரு தலைமுறை வீட்டில் இருந்த கொமடோர், ஸ்பெக்ட்ரம் கணினிகளில் நிரல் எழுதிப் பழகி விளையாட்டுத் தொழிலை உண்டாக்கியது. யாழ்ப்பாணத்துப் பையனுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது மண்ணெண்ணெய் விளக்கு. இந்த வித்தியாசத்தைத் திறமைக் குறைவு என்று யாரும் கணக்கெழுதக்கூடாது.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து கணினிப் பெட்டிகள் வந்தன. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் நகரிலும் இணையக் கடைகளும் கணினி வகுப்புகளும் முளைத்தன. கேம் இறுவட்டுக்கள் கைக்குக் கை மாறின, அநேகமாக எல்லாம் பிரதி எடுத்தவை. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. 2009இல் போர் முடிந்தபின்தான் நிலையான மின்சாரமும் வேகமான இணையமும் வந்தன. 2012 அளவில் யாழ் ஐ.ரி. ஹப் என்ற தன்னார்வ முயற்சி தொடங்கி, யாழ் கீக் சலஞ்ச் என்ற போட்டியை நடத்தி, மாணவர்கள் தங்கள் மென்பொருள் யோசனையை முதலீட்டாளர் முன் பேசப் பழக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து கணினி விஞ்ஞானப் பட்டதாரிகள் வருகிறார்கள். கொழும்புக்குப் போகாமல் ஊரில் இருந்தே இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வேலை செய்யும் நிறுவனங்கள் வந்துவிட்டன. விளையாட்டுச் செய்து பார்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டை விற்று நிறுவனம் நடத்தி உலகறிந்தவர் என்று ஒருவரை இன்னும் காட்ட முடியவில்லை. கொழும்பில் அரிமாக் போன்ற நிறுவனங்கள் ஒப்பந்த வேலையோடு சொந்த விளையாட்டும் செய்து பார்த்திருக்கின்றன. இலங்கையில் பிறந்த சந்தன ஏக்கநாயக்க அமெரிக்காவில் அவுட்டர்லூப் கேம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர்கள் 2023இல் வெளியிட்ட தேர்ஸ்டி சூட்டர்ஸ் விளையாட்டின் நாயகி ஜாலா ஜயரத்ன, தெற்காசியக் குடும்பத்துப் பெண். இலங்கைக் குடும்பத்து அடுப்படி உலக விளையாட்டுக்குள் போனது சியாட்டில் வழியாக.

ஏன் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை வழியாகப் போகவில்லை? பண வழி ஒரு காரணம். இலங்கையிலிருந்து பேபால் ஊடாகப் பணம் அனுப்பலாம், வரும் பணத்தைப் பெற முடியாது என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்த அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மடிக்கணினியும் அதற்குரிய வரைகலை அட்டையும் டொலர் விலையில் வருகின்றன, ரூபாயோ ஒரே வருடத்தில் பாதியளவு சரிந்தது. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஒப்பந்த வேலை மாதம் முடிய டொலர் தருகிறது. சொந்த விளையாட்டு இரண்டு, மூன்று வருடம் ஒன்றும் தராது, பிறகும் தருமா என்று தெரியாது. ரியூசனுக்குக் காசு கட்டிப் படிப்பித்த வீட்டில், அந்த மூன்று வருடத்தை யார் தாங்குவது?

இந்தியாவில் அதைத் தாங்கியவர்கள் கொடுத்த விலை தெரிந்ததே. புனேயின் நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் ‘ராஜி’ என்ற விளையாட்டுக்காக 2017இல் கிக்ஸ்டாட்டரில் பணம் திரட்டப் போய், இலக்கை எட்ட முடியாமல் தோற்றது. நிறுவனர்களில் ஒருவர் தன் வீட்டை விற்றார். 2020இல் விளையாட்டு வெளியாகி, அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பட்டியலில் இடம்பிடித்தது. வீட்டை விற்றுத்தான் செய்யவேண்டும் என்றால், விற்க வீடில்லாதவன் இந்தத் தொழிலுக்கு வரவே முடியாது. இதை வீரக்கதையாகச் சொல்வது எழுதுபவர்களுக்கு வசதி, செய்பவர்களுக்கு அல்ல.

இந்த இடத்தில்தான் ரொறன்ரோவின் ‘வெண்பா’ முக்கியமாகிறது. விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்த விளையாட்டு. வடிவமைத்தவர் அபி என்ற பெயரால் அறியப்படுபவர். தமிழ்நாட்டிலிருந்து சிறுவனாகக் கனடா போனவர். 2023 ஜூலை 31இல் வெளியானது. 1988இல் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்த் தம்பதி, வேலை தேடி அலைச்சல், தமிழிலிருந்து விலகிப்போகும் மகன் கவின், கையில் அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு. அந்த ஏட்டில் அழிந்துபோன வரிகளை விளையாடுபவர்தான் யோசித்து நிரப்பவேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும்? புட்டுக் குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த வரிசையில் போகவேண்டும், ஆவி ஏறும் துளைத்தட்டு எங்கே நிற்கவேண்டும்? ஒன்றரை மணித்தியாலத்தில் விளையாட்டு முடிந்துவிடும். துப்பாக்கி இல்லை, கார் இல்லை, இலட்சம் முக்கோணங்களும் இல்லை. தட்டையாக வரைந்த ஓவியங்கள், பின்னணியில் வெவ்வேறு காலத்துத் திரைப்பாடல் சாயலில் புதிதாக அமைத்த தமிழ்ப் பாட்டுகள்.

அங்கே வருவது குழல் புட்டு. யாழ்ப்பாணத்தில் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி வரவில்லை. அது இன்னொருவர் செய்யவேண்டிய விளையாட்டு.

2024இல் ‘வெண்பா’ சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது. விருதுகளைவிடக் கவனிக்கவேண்டியது, “ஆர் காசு தரப்போயினம்” என்ற கேள்விக்கு அது சொன்ன பதில். வெளியான நாளிலேயே எக்ஸ்பொக்ஸ் கேம் பாஸ் சந்தாவில் இடம் பெற்றது. அப்படிச் சேரும் விளையாட்டுக்கு மைக்ரோசொஃப்ட் பணம் தருவது வழக்கம். ஸ்டீம், நின்தெண்டோ, பிளேஸ்டேஷன் கடைகளிலும் ஏறக்குறைய 15 டொலருக்கு விற்றது. கனடாவில் இப்படியான முயற்சிகளுக்கு அரச ஊடக நிதியும் ஒன்ராறியோ மாகாணத்தின் வரிச்சலுகையும் உண்டு. அதாவது ஒருவர் வீட்டை விற்கவேண்டிய அபாயத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. யாழ்ப்பாணத்தில் இல்லாதது கதையும் கைத்திறனும் அல்ல, அந்தப் பங்கை ஏற்கும் கை. புலம்பெயர்ந்தோர் கோயிலுக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் தாராளமாகத் தருவார்கள். தோற்கக்கூடிய ஒன்றுக்கு முதல் போடும் பழக்கம்தான் குறைவு. யாழ் ஐ.ரி. ஹப் போன்றவை அதைத்தான் மெல்ல மாற்றப் பார்க்கின்றன.

சிறிதாகத் தொடங்கலாம் என்பதற்கு ஆசியாவிலேயே சான்று உண்டு. ஹனோயில் டாக்சிகளின் இடங்காட்டிக் கருவிக்கு நிரல் எழுதி வந்த டொங் நுயென், 2013இல் ஒரு விடுமுறை வாரயிறுதியில் எழுதிய ஃபிளாப்பி பேர்ட், அடுத்த வருட ஆரம்பத்தில் விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டொலர் வரை தருவதாக அவரே சொன்னார். 2014 பெப்ரவரியில், புகழின் தொல்லை தாங்காமல் தானே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். அது லொத்தர் விழுந்தது போன்ற நிகழ்வு, திட்டமாகக் கொள்ள முடியாது. திட்டமாகக் கொள்ளக்கூடிய கணக்கு வேறு. ஸ்டீமில் ஒரு விளையாட்டைப் போட 2017 முதல் 100 டொலர் கட்டணம். விற்பனையில் 30 வீதத்தைக் கடை எடுக்கும். 15 டொலர் விளையாட்டு 1,000 பிரதி விற்றால் 15,000 டொலர், கடைப் பங்கு போக 10,500, வரி கழிக்க முன். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 31 இலட்சத்து 50 ஆயிரம். கொழும்பில் ஒரு நல்ல நிரலரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது பெருந்தொகை அல்ல. கோண்டாவிலில் அம்மாவின் சமையலோடு இருக்கும் இருவருக்கு, அடுத்த விளையாட்டைச் செய்ய ஒரு வருடம் தரும் தொகை.

அதற்கு ராவின் பாதையை முற்றாக விடத் தேவையில்லை. துருவாவில் கார் செய்து பழகிய கைகள் பின்னர் இந்தியாவெங்கும் பரவின. கூலிவேலை ஒரு பள்ளிக்கூடம், கட்டணம் இல்லாத பள்ளிக்கூடம். பிரச்சினை அதில் சேருவது அல்ல, இருபது வருடம் அதிலேயே இருந்துவிடுவது. பகலில் ஒப்பந்த வேலை, இரவிலும் வார இறுதியிலும் சொந்த விளையாட்டு என்று போகிறவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் காத்திருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில், வேலைக் காலத்தில் ஊழியர் உண்டாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியது என்ற பந்தி இருக்கும். சில ஒப்பந்தங்களில் அது இரவில் வீட்டில் எழுதியதையும் சேர்த்தே பிடிக்கும். கையெழுத்து வைக்கும்போது சம்பள எண்ணைப் பார்க்கும் கண் அந்தப் பந்திக்குப் போவதில்லை.

ஸ்டீவ் வோஸ்னியாக்கின் கண் அந்தப் பந்திக்குப் போனது. அட்டாரியில் வேலை செய்த நண்பர் ஸ்டீவ் ஜொப்ஸுக்காக இரவிரவாக விழித்திருந்து பிரேக்அவுட் விளையாட்டின் சுற்றுவலையை வடிவமைத்துக் கொடுத்தவர் அவர். பகலில் ஹியூலெட் பக்கார்டில் ஊழியர். தன் சொந்த நேரத்தில் ஒரு கணினியை வடிவமைத்ததும், ஒப்பந்தப்படி அது நிறுவனத்துக்குச் சேரக்கூடும் என்று தெரிந்து, முதலில் மேலதிகாரிகளிடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். சட்டப் பிரிவிடமிருந்து உரிமை விடுவிப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டார். அந்தக் கணினிதான் ஆப்பிள் 1.